மீனின் காதிலே ஒரு ஜாதகம்

மனிதர்களிடம் வயதைக் கேட்டு உண்மையை அறிவது எளிய காரியமல்ல. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க வரும் தகப்பனார் சொல்லும் வயது ஒன்று. அதே பிள்ளைக்கு ரயிலில் அரை டிக்கெட் வாங்கும்போது சொல்லும் வயது வேறொன்று. கல்யாணத்துக்காக ஜாதகத்தை எடுத்துப் பார்க்கும்போது வெளிப்படும் வயதோ மூன்றாவது. உபாத்தியாயர் தொழிலில் பல வருஷங்களைக் கழித்துவிட்ட எனக்கு, இந்த மூன்று வயதும் ஒன்றோடொன்று ஒத்துப்போன சந்தர்ப்பங்கள் மிகச் சிலவே தெரியும்.

வாய் படைத்த மனிதர் விஷயமே இப்படியென்றால், ஆழ்கடலில் திரியும் மீனின் வயதை அறிவது எங்ஙனம்? அதற்குப் பிறந்த நாளைக் குறித்துவைத்த தாய் தந்தையர் இல்லை. ஜாதகம் கணித்த ஜோசியரும் இல்லை. ஆயினும் மீனின் வயதைக் கிட்டத்தட்டப் பிழையின்றிச் சொல்லிவிடலாம். ஏனெனில், பிறந்த நாள் முதலாக மீன் தன் வயதைத் தானே எழுதி வைத்துக்கொண்டு வருகிறது. எழுதும் ஏடு ஒரு சிறு கல். அந்த ஏட்டைப் பாதுகாத்து வைத்திருக்கும் பெட்டகம் அதன் காது.

மீன் உண்ணும் நேயர்களுக்கு மட்டுமன்றி, மீன் வாடையே ஆகாத நேயர்களுக்கும் இந்தக் கல்லின் வரலாறு சுவையானதென்றே நினைக்கிறேன். அந்த எழுத்தைச் சரியாகப் படிக்கத் தவறியதால் ஒரு சமுத்திரத்தின் செல்வமே சில வருஷங்களில் கரைந்துபோன கதையும் இதில் அடங்கியிருக்கிறது.

காதும் கல்லும்

"மீனுக்குக் காது ஏது?" என்று கேட்கலாம். வெளிக்காது அதற்கு இல்லைதான். ஆனால் மண்டையோட்டுக்குள்ளே, மூளைக்கு இருபுறமும், உட்காதுகள் இரண்டு இருக்கின்றன. ஒவ்வொரு காதிலும் நீர் நிறைந்த சிறு பைகள், பைக்குள் கற்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று வீதம் ஆறு கற்கள். இவற்றைச் செவிக்கற்கள் எனலாம்.

இவை எதற்காக? மீனின் உடல் ஏறக்குறைய நீரின் கனமே உடையது. ஆகையால் நீரில் ஒலி அலை வரும்போது மீனின் உடலும் நீரோடு சேர்ந்தே அசைகிறது. கனமான செவிக்கல்லோ அவ்வளவு சீக்கிரம் அசைவதில்லை, சற்றே பின்தங்குகிறது. கல்லுக்கும் உடலுக்கும் உள்ள இந்தச் சிறு வேற்றுமையை, கல்லின் கீழே பாய்போல் விரிந்திருக்கும் மயிரினும் நுண்ணிய உணர்ச்சி இழைகள் அறிந்து மூளைக்குச் சொல்கின்றன. மீன் கேட்பது இவ்விதமே. தலை மேலே இருக்கிறதா, கீழே கவிழ்ந்திருக்கிறதா என்பதையும் இந்தக் கற்களே அதற்கு உணர்த்துகின்றன.

கல் என்றவுடன் ஆற்றங்கரைக் கூழாங்கல்லை எண்ணிவிட வேண்டாம். இது மீனின் உடலிலேயே விளைவது. முத்து எந்தச் சுண்ணாம்புப் பொருளால் ஆயதோ, இதுவும் அதே பொருளால் ஆயது. மீன் முட்டையிலிருந்து வெளிப்படும்போதே கண்ணுக்குத் தெரியாத சிறு புள்ளியாக அது இருக்கிறது. பிறகு நாள்தோறும் அதன்மேல் மெல்லிய பூச்சு ஒன்று ஏறிக்கொண்டே போகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. நம் எலும்பும் சரி, மீனின் எலும்பும் சரி, ஒருமுறை கட்டியபடியே இருப்பவையல்ல. உடல் அவற்றைச் சிறிது கரைத்தும் மறுபடி கட்டியும் வருகிறது. மீன் பட்டினி கிடந்தால் செதிலின் ஓரங்கூடத் தேய்வதுண்டு. செவிக்கல்லை மட்டும் உடல் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. ஒருமுறை எழுதிய வரியை அடித்துத் திருத்தாத கணக்குப்பிள்ளை போன்றது அது. மீனின் உடலில் இத்தகைய கணக்கு வேறெதுவும் இல்லை.

வளையங்கள் சொல்லும் கதை

குளிர்ப் பிரதேசக் கடல்களில் கோடையில் இரை மிகுதி. மீன் விரைந்து வளரும். குளிர்காலத்தில் இரை குறைவு, வளர்ச்சியும் மந்தம். இந்த வேற்றுமை கல்லிலே பதிந்துவிடுகிறது. ஒரு பட்டை வெளிச்சம் புகாமல் மங்கலாகவும், அடுத்த பட்டை வெளிச்சம் ஊடுருவும்படி தெளிவாகவும் அமைகின்றன. இரண்டும் சேர்ந்தால் ஒரு வருஷம். வெட்டிய மரத்தின் அடியில் ஆண்டு வளையங்களை எண்ணுவது போலவே இந்த வளையங்களையும் எண்ணலாம்.

மீனின் வயதை எண்ணும் முயற்சி புதிதன்று. ஸ்வீடன் தேசத்தில் ஹான்ஸ் ஹெடர்ஸ்ட்ரோம் என்ற பாதிரியார் 1759-ஆம் வருஷத்திலேயே மீனின் முதுகெலும்புக் கண்ணிகளில் உள்ள வளையங்களை எண்ணி வயதைக் கணித்தார். அதன்பிறகு நூறு வருஷத்துக்கு மேல் இவ்விஷயம் அநேகமாக உறங்கிக் கிடந்தது. 1898-ல் ஜெர்மனியில் ஹோஃப்பவர் என்பவர் வளர்ப்புக் கெண்டைகளின் செதில்களில் வருஷ வளையங்களைக் கண்டார். அடுத்த வருஷமே, அதே தேசத்தின் கீல் நகரில் யோஹானஸ் ரைபிஷ் என்பவர், 'பிளேஸ்' என்னும் தட்டைமீனின் செவிக்கல்லைப் படித்து வயது சொன்னார். செவிக்கல் சாஸ்திரத்தின் பிள்ளையார் சுழி 1899-ல் இவ்வாறு போடப்பட்டது.

இந்த வேலை வெறும் வேடிக்கையல்ல என்பதை உலகுக்கு விளக்கியவர் நார்வே தேசத்து யோஹான் யோர்ட். அந்நாட்டுக் கரையில் 'ஹெர்ரிங்' என்னும் மீன் சில வருஷங்களில் மலையாகக் குவியும். சில வருஷங்களில் வலை வெறுமனே திரும்பும். மீன் கூட்டம் எங்கோ இடம் பெயர்ந்துவிட்டது என்றே ஜனங்கள் எண்ணியிருந்தார்கள். யோர்ட்டும் அவருடைய சகாக்களும் மீன்களின் செதிலைப் படித்து வயது வாரியாகப் பிரித்தார்கள். வியப்பான செய்தி வெளிப்பட்டது. 1904-ஆம் வருஷத்தில் பிறந்த மீன்கள் மட்டும் பல வருஷங்கள் வரையில் மற்ற வயது மீன்களையெல்லாம் மிஞ்சி நின்றன. அந்த ஒரு வருஷத்தில் பிறந்த குஞ்சுகள் அதிர்ஷ்டவசமாக ஏராளமாய்ப் பிழைத்திருந்தன, அவ்வளவுதான். கடலில் மீனின் ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் குஞ்சுகள் பிழைப்பதும் மடிவதுமே என்று 1914-ல் அவர் வெளியிட்ட நூல் இன்றளவும் மீன்வள சாஸ்திரத்தின் அஸ்திவாரமாக விளங்குகிறது.

முதலும் வட்டியும்

மீனின் வயது நமக்கு ஏன் தெரிய வேண்டும்? குடும்பஸ்தர்கள் அனைவரும் அறிந்த ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன்.

ஒருவரிடம் 1000 ரூபாய் மூலதனம் இருக்கிறது. வருஷத்துக்கு நூற்றுக்குப் பத்து வட்டி வருமென்று நம்பி, வருஷந்தோறும் 100 ரூபாய் எடுத்துச் செலவு செய்கிறார். உண்மையில் வட்டி நூற்றுக்கு இரண்டுதான். என்ன ஆகும்? முதல் சில வருஷங்களில் ஒன்றும் தெரியாது. கேட்டபோதெல்லாம் பணம் கிடைக்கும். வீட்டில் விருந்தும் நடக்கும். ஆனால் அவர் தின்பது வட்டியையன்று, முதலை. பன்னிரண்டாவது வருஷத்தில் பெட்டியைத் திறந்தால் 100 ரூபாய்கூட இராது.

கடலிலுள்ள மீன் கூட்டம் மூலதனம். வருஷந்தோறும் புதிதாகப் பிறந்து வளரும் மீன் வட்டி. விரைவில் வளர்ந்து விரைவில் பருவமடையும் மீனினம் அதிக வட்டி தரும். மெதுவாக வளர்ந்து நெடுங்காலம் வாழும் இனம் சொற்ப வட்டியே தரும். எது எந்த வகை என்பதை மீனின் நீளம் சொல்லாது, எடை சொல்லாது. வயதுதான் சொல்லும். வயதை எழுதி வைத்திருப்பதோ செவிக்கல்.

ஒரு செம்மீனின் கதை

நியூஸிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலுள்ள டாஸ்மேனியாத் தீவுக்கும் அருகே, வெளிச்சம் எட்டாத ஆழத்தில், கடலடிக் குன்றுகள் பல இருக்கின்றன. நீர்மட்டத்திலிருந்து அரை மைலுக்கும் கீழே உள்ள அந்தக் குன்றுகளைச் சுற்றி ஒருவகைச் செந்நிற மீன் கூட்டங்கூட்டமாக வாழ்கிறது. நீளம் ஒரு முழத்துக்கும் குறைவு. உயிரோடிருக்கையில் செங்கல் நிறம்; இறந்தபின் ஆரஞ்சு நிறம். இந்த மீனின் குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயருக்குச் 'சளித் தலையன்' என்று பொருள் சொல்லலாம். அப்படிப்பட்ட பெயரோடு சாப்பாட்டு மேஜைக்கு வந்தால் யார் தொடுவார்கள்? எனவே 'ஆரஞ்சு ரஃபி' என்னும் அழகான பெயரால் அது சந்தைக்கு வந்தது.

1970-களின் இறுதியில் நியூஸிலாந்துக் கப்பல்கள் இதைப் பிடிக்கத் தொடங்கின. முள்ளின்றி, வெண்மையாக, வாடையில்லாமல் இருந்த இதன் தசைத் துண்டங்களுக்கு அமெரிக்காவில் பெரும் கிராக்கி ஏற்பட்டது. முட்டையிடும் பருவத்தில் இம்மீன்கள் குன்றின்மேல் அடர்த்தியாகக் குவிகின்றன. வலை சில நிமிஷ நேரம் கீழே இருந்தால் போதும். டன் கணக்கில் மீனோடு மேலே வரும். 1980-களின் இறுதியில் நியூஸிலாந்தில் மட்டும் ஒரு வருஷத்தில் 50 ஆயிரம் டன்னுக்கு மேல் பிடித்தார்கள். 1989-ல் டாஸ்மேனியாவின் கிழக்கே செயின்ட் ஹெலன்ஸ் குன்றின் மீது பெருங்கூட்டம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. தங்கச் சுரங்கத்தைக் கண்டவர்கள்போல் கப்பல்கள் அங்கே விரைந்தன.

அப்போது இந்த மீனின் வயதைப்பற்றி நிலவிய கருத்து என்ன? சுமார் 30 வருஷம் வாழும் என்றே ஆரம்பத்தில் கருதினார்கள். பிடிக்கலாமென்று அனுமதித்த அளவுகளும் அந்த நம்பிக்கைக்கு ஏற்றவாறே தாராளமாக இருந்தன.

பிழை எங்கே நேர்ந்தது? கல்லை முழுதாக வைத்து அதன் மேற்புறத்தைப் பார்த்து எண்ணும் வழக்கத்தில்தான். இளம் மீனுக்கு இந்த முறை போதும். வயதான மீனோ நீளத்தில் வளர்வதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. அப்போது கல்லும் அகலத்தில் வளர்வதில்லை. உட்புறமாகத் தடிக்கத் தொடங்குகிறது. புது வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, காகிதக் கட்டின் தாள்களைப்போல், அந்தப் பக்கத்தில் அடுக்கப்படுகின்றன. மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அவை தென்படா. புஸ்தகத்தின் அட்டையைப் பார்த்துப் பக்கங்களை எண்ண முடியுமா?

பக்கங்களை எண்ண வேண்டுமானால் கல்லை அறுக்க வேண்டும். பிசினில் பதித்து, வைரம் பதித்த வாளால் மெல்லிய தகடாக அறுத்து, மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழே வைக்கிறார்கள். சில இனங்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. கல்லை இரண்டாக முறித்து, முறிந்த முகத்தைச் சுடரில் சற்றே வாட்டினால் வளையங்கள் பழுப்பேறித் துலக்கமாகத் தெரியும். இவ்வாறு பார்த்தபோது ஆரஞ்சு ரஃபியின் கல்லில் வளையங்கள் நெருக்கநெருக்கமாக நூற்றுக்கு மேல் இருந்தன! அவற்றிலும் ஒரு குறிப்பிட்ட இடம் வரையில் வளையங்கள் அகலமானவை. அதற்கப்பால் திடீரென்று நெருங்கிவிடுகின்றன. மீன் பருவமடைந்த காலத்தை அந்த இடம் காட்டுகிறது. மங்கைப் பருவம் எய்திய வருஷத்தைக்கூட அந்தக் கல் மறைக்கவில்லை.

சாட்சி சொன்ன ரேடியம்

நூறு வளையம் என்றால் நூறு வருஷம்தானா? வருஷத்துக்கு மூன்று நான்கு வளையம் ஏன் உண்டாகியிருக்கக் கூடாது? நியாயமான இந்தக் கேள்விக்கு விடை சொன்னது பௌதிக சாஸ்திரம்.

கடல்நீரில் அற்பசொற்பமாக ரேடியம் கலந்திருக்கிறது. கல் வளரும்போது சுண்ணாம்போடு அதுவும் சிறிது படிந்துவிடுகிறது. ரேடியம் மெள்ள மெள்ளச் சிதைந்து, பல மாறுதல்களுக்குப் பின் ஒருவகை ஈயமாகிறது. அந்த ஈயமும் நிலையானதன்று. சுமார் 22 வருஷத்தில் அதில் பாதி அழிந்துவிடும். ஆகவே புதிய கல்லில் ரேடியம் இருக்கும், அந்த ஈயம் அநேகமாக இராது. வருஷங்கள் செல்லச்செல்ல ஈயம் ஏறி, நூறு வருஷ அளவில் ரேடியத்துக்கு ஈடாக நிற்கும். இரண்டுக்குமுள்ள விகிதமே ஒரு கடிகாரம். வளையத்தை எண்ணாமலே வயதைச் சொல்லும் கடிகாரம்.

1991-ல் ஃபென்டன் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் இந்த முறைப்படி ஆஸ்திரேலியக் கடலின் ஆரஞ்சு ரஃபியைச் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். 40 சென்டிமீட்டருக்கு மிகாத அந்த மீன்களின் வயது 77 முதல் 149 வருஷம் வரை! முட்டையிடும் பருவத்தை எட்டுவதற்கே 30 வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றும் தெரிந்தது. பிறகு வந்த ஆராய்ச்சிகள் இதை உறுதிசெய்தன. 200 வயதைக் கடந்த மீன்களும் பின்னர் கண்டறியப்பட்டன.

149 வயது என்பதை எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்திலிருந்து கைதிகளைக் கப்பலேற்றி டாஸ்மேனியாவுக்கு அனுப்பும் வழக்கம் 1853-ல்தான் நின்றது. அந்தக் கப்பல்கள் மேலே சென்றுகொண்டிருந்த நாளில் கீழே நீந்திக்கொண்டிருந்த மீன், ஒன்றரை நூற்றாண்டு கழித்து யாரோ ஒருவரின் இராப் போஜனத்துக்குத் தட்டில் வந்து சேர்ந்திருக்கிறது. உண்டவருக்குத் தம் கொள்ளுப்பாட்டனாரைவிட மூத்ததை உண்கிறோம் என்பது தெரியாது.

உண்மை வெளிப்பட்டபோது முதலில் பெரும்பகுதி செலவாகிவிட்டது. பிடிபடும் அளவு இடத்துக்கு இடம் சரிந்தது. நியூஸிலாந்தின் மேற்கே உள்ள சாலஞ்சர் பீடபூமியில் 2000-ஆம் வருஷத்தில் இந்த மீன்பிடிப்பை அடியோடு நிறுத்தினார்கள். ஆஸ்திரேலிய சர்க்கார் 2006-ல் இம்மீனை ஆபத்துக்குள்ளான உயிர்களைக் காக்கும் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. பாதுகாப்பின் பயனாகச் சில கூட்டங்கள் ஓரளவு தேறியிருக்கின்றன. சாலஞ்சர் பகுதியில் 2010-லும், டாஸ்மேனியாவின் கிழக்கே 2015-லும் குறைந்த அளவில் மறுபடி பிடிக்க அனுமதித்தார்கள். ஆனால் முப்பது வயதில் முட்டையிடும் இனம், இழந்ததை மீட்க எத்தனை தலைமுறை மனிதர்கள் காத்திருக்க வேண்டும் என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கணக்கைத் தணிக்கை செய்தல்

எண்ணினால் மட்டும் போதாது, எண்ணியது சரியா என்று பார்க்கவும் வேண்டும் என்பதே இதிலிருந்து கிடைத்த பாடம். 1983-ல் கனடா தேசத்து பீமிஷ், மக்ஃபர்லேன் என்ற இருவர், அதுவரை வெளிவந்த 500 வயது ஆராய்ச்சிகளைப் புரட்டிப் பார்த்தார்கள். எல்லா வயது மீன்களுக்கும் தங்கள் கணக்கைச் சரிபார்த்தவர்கள் அவர்களில் மிகச் சிலரே. பரீட்சை விடைத்தாளைத் திருப்பிப் பார்க்காமல் கொடுத்துவிட்டு ஓடும் மாணவர்களை நினைவூட்டும் செய்தி!

இப்போது தணிக்கைக்குப் பல வழிகள் இருக்கின்றன. பிடித்த மீனுக்கு டெட்ராசைக்ளின் என்ற மருந்தை ஊசிமூலம் ஏற்றி, அடையாளச் சீட்டுக் கட்டிக் கடலில் விட்டுவிடுகிறார்கள். அன்றைய வளையத்தில் மருந்து படிந்துவிடும். சில வருஷங்கள் கழித்து அதே மீன் அகப்பட்டால், புற ஊதா ஒளியில் அந்த வளையம் பளிச்சென்று மின்னும். அதற்கு வெளியே எத்தனை வளையம், கடலில் விட்டு எத்தனை வருஷம் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மற்றொரு வழி விசித்திரமானது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் ஆகாயத்தில் வெடித்த அணுகுண்டுகளால் உலகெங்கும் கதிர்வீச்சுள்ள கரி மிகுந்தது. அது கடலிலும் கலந்து, அக்காலத்தில் பிறந்த மீன்களின் செவிக்கல்லில் மாறாத முத்திரையாகப் பதிந்தது. கல்லின் நடுப்புள்ளியில் அந்தக் கரி மிகுந்திருந்தால் மீன் வெடிகளுக்குப் பின் பிறந்தது. குறைந்திருந்தால் முன் பிறந்தது. 1993-ல் கேலிஷ் என்பவர் நியூஸிலாந்து மீன் ஒன்றில் இதைக் காட்டினார். மனிதன் அழிவுக்காகச் செய்த காரியம், மீனின் ஜாதகத்தைச் சரிபார்க்க உதவியிருக்கிறது.

நம் கடல் மீன்கள்

குளிர்காலமே இல்லாத நம் கடல்களில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கஷ்டந்தான். வெப்பக் கடலில் வளையங்கள் மங்கலாக இருக்கும். மழைப் பருவம், முட்டையிடும் காலம் முதலியவற்றாலும் வளையங்கள் உண்டாகலாம். மேற்குக் கரையின் மத்தி மீனைப்பற்றிச் சென்னை மாகாண மீன்துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னெலும் ராமசாமி நாயுடுவும் 1920-களிலேயே ஆராய்ந்தார்கள். அதன் செவிக்கல் வளையங்களைப்பற்றி வேலப்பன் நாயர் 1949-ல் எழுதினார். ஆனால் மத்தி இரண்டு மூன்று வருஷமே வாழும் மீன். அதற்கு வருஷக் கணக்கு மிகப் பெரிய அளவுகோல்.

இந்தக் குறையை நீக்கியது ஒரு கண்டுபிடிப்பு. 1971-ல் பன்னெல்லா என்பவர், ஒரு வருஷப் பட்டைக்குள் சுமார் 360 நுண்ணிய கோடுகள் இருப்பதைக் கண்டார். ஒரு நாளைக்கு ஒரு கோடு! வருஷக் கணக்கு என்று நாம் எண்ணியிருந்த ஏடு உண்மையில் தினசரிக் கணக்கு. குஞ்சு பிறந்து எத்தனை நாளாயிற்று, எந்த வாரத்தில் இரையின்றி வாடியது என்பதெல்லாம் இன்று வெப்பக் கடல் மீன்களிலும் படிக்கப்படுகின்றன.

1999-ஆம் வருஷத்தில் மட்டும் உலகத்து ஆராய்ச்சிசாலைகளில் பல லட்சம் மீன்களின் செவிக்கற்களைப் படித்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். மைக்ராஸ்கோப்பின் முன் குனிந்து கோடுகளை எண்ணுபவர்களின் பெயர் பத்திரிகைகளில் வருவதில்லை. ஆனால் எந்தக் கடலில் எவ்வளவு மீன் பிடிக்கலாம், எந்தக் கரையில் வலைஞர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தொழில் செய்து பிழைக்கலாம் என்பது அவர்கள் எண்ணும் எண்ணிக்கையைப் பொறுத்திருக்கிறது. பத்துக் கோடுகளைப் பார்க்காமல் விட்டால் பத்து வருஷம் தவறிப்போகும். செவிக்கல் ஒருபோதும் பொய் எழுதுவதில்லை; அவசரமில்லாமல் படிப்பதுதான் நம் கடமை.